காட்டில் மட்டும் வணக்கம்

விக்டிஸுக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் முப்பத்திரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் காட்டில் கழிந்தவை. அவள் ஆசைப்பட்டு இல்லை. கட்டிக்கொண்ட கௌத்தேவுக்கு ஞாயிறு என்றால் காடு, அவ்வளவுதான். ஒஸ்லோவின் வடக்கு ஓரத்தில், டிராம் வளைந்து திரும்பும் ஷெல்சோஸில், சரிவின் மேல் ஏறி உட்கார்ந்த மரவீடு அவர்களுடையது. ரோட்டிலிருந்து வாசலுக்கு நாற்பத்து மூன்று படி. கொல்லைக் கதவைத் திறந்தால் காடு. கௌத்தே அந்த வீட்டை வாங்கியதே கொல்லைக் கதவுக்காக. விக்டிஸுக்கோ தினமும் பாடு முன்கதவோடு.

அவள் பிறந்து வளர்ந்தது ஊருக்கு நடுவே, ஆற்றை ஒட்டிய அடுக்குக் கட்டடம் ஒன்றில். ஒரு முற்றத்தைச் சுற்றி நாற்பது குடும்பம். யார் வீட்டில் மீன் வேகிறது, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் ஜன்னலைத் திறந்தாலே தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாகச் சேர்ந்தவள், டாக்டர்கள் மூன்று பேர் மாறியும் அதே நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் பார்த்தாயிற்று. அரைமணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு அவள் கையில் கிடந்தவர்கள், மறுநாள் டிராமில் எதிரே உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். முகக்கவசம் இல்லாத விக்டிஸை அவர்களுக்கு அடையாளம் தெரியாது. தெரிந்தாலும் டிராமுக்குள் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கிற ஊர் இல்லை இது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் இப்போது எப்படி இருக்கிறதோ என்று மனசுக்குள் விசாரித்துவிட்டு இறங்கிப் போவாள்.

போன ஜனவரியில்தான் வினை வந்தது. மழை பெய்தது, பெய்த மழை அப்படியே உறைந்தது, நாற்பத்து மூன்று படியும் கண்ணாடியாகிவிட்டது. விக்டிஸ் நடுவில் வழுக்கி முழங்கால் மடங்கி விழுந்தாள். ஐந்து வாரம் வீட்டுக்குள். டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய அன்று கௌத்தே அவளைப் பனிச்சறுக்கு வண்டியில் உட்கார வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, உருளைக்கிழங்கு மூட்டையை இறக்குவதுபோல் இறக்கினான். பக்கத்து வீட்டுக்காரர் படம் வேறு பிடித்தார். கௌத்தேவுக்கு அது இன்றும் சிரிப்பு. விக்டிஸும் சிரித்தாள்தான். ஆனால் கீழே போய்ச் சேர்வதற்குள் ஒன்றை முடிவு செய்துவிட்டாள்: அடுத்த பனிக்காலம் இந்தப் படிக்கு மேலே இல்லை.

முடிவு செய்தால் ஆயிற்றா? வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. கௌத்தே தலையாட்டாமல் ஒரு கதவும் திறக்காது. மார்ச்சில் நான்கு வீடுகள் காட்டினாள். ஒன்றில் காற்று இல்லை என்றான், ஒன்றில் பறவைச் சத்தம் இல்லை என்றான். மற்ற இரண்டுக்கும் காரணம் சொல்லவே மெனக்கெடவில்லை. கடைசியில் ஒருநாள் உள்ளதைச் சொன்னான்: ஊருக்குள் மனுஷன் மனுஷனைப் பார்த்து ஒரு ‘ஹெய்’, ஒரு வணக்கம்கூடச் சொல்வதில்லை, அங்கே போய் எப்படி மூச்சு விடுவது.

ஏப்ரல் கடைசி வாரம், வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஐந்தாவது வீட்டைப் பற்றிச் சொன்னாள். பழைய ஊர்ப் பக்கம், மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு. ஞாயிறு இரண்டு மணிக்குத் திறந்து காட்டுகிறார்கள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் விலை சொல்ல வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை தூர் போகணுமே,” என்றான் கௌத்தே.

தூர் என்றால் அவர்கள் பாஷையில் நடை. ஆனால் எல்லா நடையும் தூர் ஆகிவிடாது. முதுகில் பை வேண்டும். பைக்குள் ஃபிளாஸ்கில் காபி, காகிதத்தில் மடித்த ரொட்டி, ஆரஞ்சு, சாக்லேட், ஈரப் பாறையில் போட்டு உட்கார ஒரு ரப்பர் பாய். சுற்றிலும் மரம் வேண்டும். ஊருக்குள் எத்தனை தூரம் நடந்தாலும் கௌத்தேயின் அகராதியில் அது கடைக்குப் போய்வருவதுதான்.

விக்டிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. “முப்பத்திரண்டு வருஷம் உன் காட்டுல நடந்தேன், கௌத்தே. ஒரு ஞாயித்துக்கிழமை என் ஊர்ல நட.”

வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு கௌத்தே நிபந்தனை போட்டான். நடப்பதாக இருந்தால் முறையாக நடக்க வேண்டும். பை, ஃபிளாஸ்க், ஆரஞ்சு எல்லாம் உண்டு. காபிக்கடைக்குள் நுழையக் கூடாது. விக்டிஸும் ஒன்று போட்டாள்: சாயங்காலம் ஆமா, இல்லை இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும், யோசிக்கிறேன் என்று இழுக்கக் கூடாது. உடனே ஒத்துக்கொண்டான். இல்லை என்பதை ஏற்கெனவே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்ட முகம் அது.

ஞாயிறன்று வெயில் அடித்தது. காட்டில் பனி இளகிச் சேறாகிக் கிடக்கும் பருவம், அதுவும் அவளுக்குச் சாதகம். பனிக்காலம் முழுக்க, வழுக்காமல் இருக்க நடைபாதையில் கொட்டிய சரளைக்கல் இன்னும் வாரப்படாமல் காலடியில் நறநறத்தது. கட்டடங்களின் தெற்குச் சுவரெல்லாம் ஜனம் சாய்ந்து நின்று, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. டிராமில் கௌத்தே யாரிடமும் வாய் திறக்கவில்லை. துறைமுகம் பக்கம் இறங்கிக் கோட்டை மேட்டுக்கு ஏறினார்கள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

காட்டில் எதிரே யார் வந்தாலும் ஹெய் சொல்லியாக வேண்டும். மந்திரியே வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஊருக்குள் சொல்லவே கூடாது. காடு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் காட்டிலிருந்து இறங்குகிறவர்கள் டிராம் நிறுத்தத்தில் கால் வைத்ததும் ஊமையாகிவிடுவார்கள். இந்தச் சட்டம் தெரியாதவனா கௌத்தே? தோளில் பை கனத்தது, காலில் சரளை நறநறத்தது, கோட்டைச் சுவர் மேல் நாலு மரமும் நின்றன. பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஹெய் ஹெய்,” என்றான், குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தியைப் பார்த்து.

“வேண்டாம், நன்கொடை ஏற்கெனவே குடுத்தாச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை வேகமாகத் தள்ளினாள்.

கௌத்தே ஒரு நிமிஷம் திகைத்து நின்றான். பிறகு அவன் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்ததை விக்டிஸ் பார்த்தாள். ஆயுதம் கிடைத்துவிட்டது அவனுக்கு. அதற்குப் பிறகு கோட்டையில் நடந்த ஒருவரையும் விடவில்லை. கைகோத்து வந்த ஜோடி கையை விட்டு இரண்டு பக்கமும் பிரிந்து போனது. காதில் பாட்டு மாட்டியிருந்த ஆள் அதைக் கழற்றி, ரயில் நிலையத்துக்கு வழி சொன்னான். நாயோடு வந்த பெரியவர் நாயைப் பார்த்தார், நாய் கௌத்தேவைப் பார்த்தது. விக்டிஸ் இந்த ஆளைத் தெரியாதவள்போல் பத்தடி முன்னால் நடந்தாள்.

“பாத்தியா?” என்றான் பின்னாலிருந்து.

“எதைப் பாக்கறது? பல்லைக் காட்டாத ஊர்ல திடீர்னு பல்லைக் காட்டினா, விக்க வந்தவன்னுதான் நெனைப்பாங்க.”

“காட்டுல அப்படி நெனைக்கிறாங்களா?”

“காட்டுல விக்கறதுக்கு என்ன இருக்கு.”

கோட்டைக்குக் கீழே பழைய சதுக்கத்தில், தரையை நோக்கி விரல் நீட்டும் கையுறைச் சிலையருகே, வெயில் விழும் கல்படியில் பாயைப் போட்டு உட்கார்ந்தார்கள். நானூறு வருஷத்துக்கு முன் ஊர் எரிந்தபோது, ராஜா இங்கே விரலைக் காட்டி, இனி ஊர் இங்கேதான் என்றாராம். ஜனமெல்லாம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு பழைய ஊரிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. விக்டிஸ் சிலையைப் பார்த்துக்கொண்டே பழுப்புச் சீஸ் ரொட்டியைக் கடித்தாள். ராஜா ஒரு விரலை நீட்டினார், ஊரே நகர்ந்தது. நான் நாலு மாசமாக நீட்டுகிறேன், ஒரே ஒரு ஆள் நகரமாட்டேன் என்கிறான் என்றாள். ராஜாவுக்கு அதிகாரம் இருந்தது என்றான் கௌத்தே. ராஜா காட்டிய பக்கம் பனிப்படி இல்லை என்றாள் அவள்.

எதிரே காபிக்கடை வாசலில் நாற்காலிகள் நிறைந்து கிடந்தன. ஏலக்காய் ரொட்டி வேகும் வாசனை சதுக்கம் முழுக்க வந்தது. விக்டிஸ் எழுந்து போனாள். கடைக்குள் நுழையாமல் ஜன்னல் வழியாகவே கையை நீட்டி ஒன்று வாங்கி வந்தாள். நிபந்தனை மீறப்பட்டதா இல்லையா என்று கௌத்தே வாதாடப் பார்த்தான். அவள் ரொட்டியை முழுசாகத் தானே தின்றாள், ஒரு விள்ளல்கூடத் தரவில்லை. அதற்கப்புறம் அவன் சட்டம் பேசவில்லை.

அங்கிருந்து கிழக்கே, தண்ணீர் ஓரமாகப் பழைய ஊருக்கு நடை. கௌத்தே தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். டிராம் தண்டவாளம் பழுதுபார்ப்பது அவன் வேலை, முப்பது வருஷமாக. இந்த ஊரில் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. கீழே எந்த இணைப்பு எந்த வருஷம் போட்டது, எந்த வளைவு மழையில் கிறீச்சிடும், எந்தப் பள்ளத்தில் சரளை அடைக்கும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். விக்டிஸ் ஊம் கொட்டிக்கொண்டு வந்தாள், காது அதில் இல்லை. முழங்கால் பேச ஆரம்பித்திருந்தது. இப்போது நொண்டினால் போச்சு. ஊருக்குள்ளேயும் உன்னால் நடக்க முடியவில்லையே, அப்புறம் எதற்கு ஊர் என்று கேட்டுவிடுவான். அதனால் வலி எடுத்த இடத்திலெல்லாம் அவளுக்குச் சரித்திரத்தில் ஆர்வம் வந்தது. பலகை கண்ட இடத்தில் நின்றாள். எந்த மாதாகோயில் எந்த வருஷம் இடிந்தது என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

புல்வெளிக்கு நடுவே இடிந்த கோயிலின் அடித்தளக் கற்கள் கிடந்த இடத்தில் கௌத்தே நின்றுவிட்டான். பையிலிருந்து பாயை எடுத்துக் கல்மேல் விரித்தான்.

“அந்தப் பலகையை நாலு தடவை படிச்சிட்டே. உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். அடுத்து கேட்டுவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. ஆரஞ்சை உரித்து, சுளையைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தான். கேட்காமல் இருந்தது நல்லதற்கா, கெட்டதற்கா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பார்த்த முகம்தான். சில நாள் பூட்டிய கடைமாதிரி இருக்கும்.

வீடு இருந்த கட்டடம் இரண்டு தெரு தள்ளி. செங்கல், நாலு மாடி, நடுவில் வண்டி போகிற அளவு வளைவு, அதற்குள்ளே முற்றம். விக்டிஸ் சின்ன வயதில் ஓடிய முற்றம் போலத்தான், ஆனால் இங்கே பின்புறச் சுவரில் புதிதாக ஒட்ட வைத்த லிஃப்ட் கூண்டு மின்னியது. முற்றம் முழுக்க ஆட்கள். வாருகோல், மண்வெட்டி, தள்ளுவண்டி. வசந்தத்து ஊர்வேலை. வருஷத்துக்கு இரண்டு தரம் குடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்தே தீர வேண்டும். நேற்று மழை, அதனால் இன்றைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஞாயிறன்று இந்த நாட்டில் சத்தம் போடக் கூடாது என்பதால் சத்தம் வராத வேலை மட்டும்.

வளைவைத் தாண்டியதும் கௌத்தே நாள் பூராவும் செய்ததைச் செய்தான். “ஹெய் ஹெய்,” என்றான் பொதுவாக.

முற்றத்திலிருந்த பதினைந்து பேரும் திரும்பி, ஒரே குரலில், “ஹெய் ஹெய்” என்றார்கள்.

கௌத்தே பயந்தே போனான். அவர்கள்மேல் தப்பு இல்லை. ஊர்வேலை நாளில், பழைய கால்சட்டையும் கனத்த காலணியுமாக, முதுகில் பையோடு முற்றத்துக்குள் வந்து வணக்கம் சொல்கிறவன் யாராக இருக்க முடியும்? வேலைக்குத்தான் வந்திருக்க வேண்டும். கையில் பட்டியலோடு ஒரு பெண் விறுவிறுவென்று வந்தாள். குடியிருப்புச் சங்கத் தலைவி நுஸ்ரத். ஐம்பது வயதிருக்கும். அப்பா பாகிஸ்தானிலிருந்து வந்தவர், அவள் பிறந்தது இதே தெருவில். அவளுக்குத் தெரியாமல் இந்த முற்றத்தில் ஒரு இலை விழாது. ராஜாவைத் தவிர எல்லாரையும் ‘நீ’ என்று கூப்பிடும் நாடு இது. அவள் ராஜாவையும் விடமாட்டாள் போலிருந்தது.

“மூணாம் மாடி இடது பக்கம்தானே நீ? பதினோரு மணிக்கு வரச் சொன்னா ரெண்டு மணிக்கு வர்றே. சரி, வந்தவரைக்கும் சந்தோஷம்.”

மூன்றாம் மாடி இடது பக்கம் என்பது விற்பனைக்கு வந்த அந்த வீடுதான். அதன் சொந்தக்காரர் ஆளைக் காட்டாமல் தப்பிக்கிறவர் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. கௌத்தே வாயைத் திறப்பதற்குள் கையில் வாருகோல் ஏறிவிட்டது. ஊர்வேலைக்கு மாட்டேன் என்று சொல்ல இந்த நாட்டில் யாருக்கும் நாக்கு எழாது, அது தன் ஊர்வேலையாக இல்லாவிட்டாலும். அவன் விக்டிஸைப் பார்த்தான். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லிஃப்ட்டுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

மேலே எல்லாரும் காலணிமேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், போட்டிக்காரர்களுக்கு உரிய மரியாதையோடு அறை அறையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். விக்டிஸ் குழாயைத் திறந்து பார்த்தாள், அலமாரியைத் திறந்து மூடினாள். சமையலறை படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. படுக்கையறையில் கட்டிலைப் போட்டால் ஒரு பக்கம்தான் இறங்க முடியும். ஆசையோடு வந்தவள் கொஞ்சம் சுருங்கிப் போனாள். இதற்காகவா நாலு மாசம் சண்டை போட்டோம் என்றுகூடத் தோன்றியது. சமையலறை ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

கௌத்தே முற்றத்து நடுவே குப்புறப் படுத்திருந்தான். ஒரு கை தோள்வரை சாக்கடைக் குழிக்குள். சல்லடை மூடி பக்கத்தில் கிடந்தது. சுற்றிலும் நாலு பேர் குனிந்து நின்றார்கள், ஒருவர் அவன் பையைப் பிடித்திருந்தார். பிடிப்பிடியாகச் சரளையை அள்ளி வெளியே போட்டுக்கொண்டே அவன் விளக்கம் சொல்ல, நுஸ்ரத் எதிர்த்துச் சொல்ல, சத்தம் மூன்றாம் மாடிவரை தெளிவாக வந்தது. எட்டு வருஷமாக இந்தத் தண்ணீர் தேங்குகிறது, மூன்று ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்றாள் அவள். அந்த மூன்று பேரும் நின்றுகொண்டு பார்த்திருப்பார்கள் என்றான் அவன்.

விக்டிஸ் ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். காட்டில் அவன் ஹெய் சொன்னவர்கள் யாரும் நின்றதில்லை; அவனும் நின்றதில்லை. ஒருத்தரோடு அவன் இவ்வளவு நேரம் சண்டை போட்டு அவள் பார்த்தே வெகுநாளாயிற்று.

பின்னால் ஒரு இளம்பெண் தரகரிடம், முற்றத்தில் எப்போதும் இப்படித்தான் சத்தமா என்று கேட்டாள். தரகர் அவசரமாக, இல்லையில்லை, இன்றைக்கு ஒருநாள் விசேஷம் என்றார்.

“எப்பவுமே இப்படித்தான்னு கேள்வி,” என்றாள் விக்டிஸ், ஜன்னலிலிருந்து திரும்பாமல். “அந்த ஆள் ரொம்ப மோசம்.”

அந்தப் பெண் கூட வந்தவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் நீல உறையைக் கழற்றப் போனார்கள்.

அவள் கீழே வந்தபோது வேலை முடிந்து, நீண்ட மேஜையில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. உருளைக்கிழங்கு ரொட்டியில் சுருட்டிய சாசேஜ், இடது தட்டில் ஹலால், வலது தட்டில் மற்றது. கௌத்தேயின் இரண்டு கையிலும் இரண்டு தட்டின் சாசேஜ். சட்டையில் தோள்வரை சேறு.

“இந்த ஆள் மூணாம் மாடியே இல்லையாம்,” என்றாள் நுஸ்ரத் விக்டிஸிடம், ஏமாற்றப்பட்டவளின் கோபத்தோடு. “குழியை முழுக்கத் தோண்டின அப்புறம் சொல்றான்.”

“நீ கேக்கவே இல்லையே,” என்றான் கௌத்தே வாய் நிறைய.

“வாருகோலைக் குடுத்தேன், வாங்கிக்கிட்டே. அதுக்கு மேல என்ன கேக்கணும்?”

கிளம்பும்போது கௌத்தே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தான்: அந்தச் சல்லடை இலையுதிர் காலத்துக்குத் தாங்காது, கண் சின்னதாக ஒன்று மாற்ற வேண்டும். எந்த அளவு என்று நுஸ்ரத் கேட்டு, பட்டியலின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

இரண்டு பேரும் டிராம் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். விக்டிஸுக்கு நாக்கு நுனியில் கேள்வி நின்றது. கேட்டால் இல்லை என்பான். தள்ளினால் பின்னால் போகிற மாடு அது, முப்பத்திரண்டு வருஷத்தில் இதையாவது கற்றுக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பலகையில் டிராம் வரும் நிமிஷத்தைப் பார்த்தாள். ஏழு நிமிஷம்.

“அந்த லிஃப்ட் எவ்வளவு பெரிசு?” என்றான்.

“ரெண்டு பேர் நிக்கலாம். சேந்து நிக்கணும்.”

“என் ஸ்கீக் கட்டை உள்ள போகுமா?”

“போகாது. கையால அளந்து பாத்தேன்.”

“குறுக்கால சாய்ச்சு வெச்சா?”

“எப்படி வெச்சாலும் போகாது.”

அவன் சேற்றுக் கையை உதறிக்கொண்டு யோசித்தான். “அப்ப மாடிப்படியில தூக்கிட்டுப் போறேன். அதுல பனி கெடக்கப் போறதில்லையே.”

இது ஆமாதான் என்று விக்டிஸுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கட்டினவனை ஏமாற்றி வீடு வாங்கிய பெயர் வேண்டாம் என்று இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டாள். “சமையலறை படத்துல பாத்ததைவிட ரொம்பச் சின்னது, கௌத்தே. ஒருத்தர் அடுப்புக்கிட்ட நின்னா இன்னொருத்தர் நுழைய முடியாது.”

“சமைக்கிறது நான்தானே,” என்றான் கௌத்தே. “எனக்குப் போதும்.”